சலாம் முழுங்கி

என் சகலை தசூக்கிக்குப் பத்து விரல்களும் இருக்கின்றன. மனிதனுக்குப் பத்து விரல் இருப்பது ஒரு செய்தியா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எகிப்தில் எங்கள் துமியாத் ஊரில் கேட்க மாட்டார்கள். இங்கே வீட்டுக்கு வீடு கீழ்த்தளத்தில் பட்டறை, பட்டறைக்குப் பட்டறை ரம்ப மெஷின். மேலே குடும்பம், கீழே மரத்தூள். கெய்ரோக்காரன் படுக்கிற கட்டிலும் அவன் மகள் கொண்டுபோகிற அலமாரியும் எங்கள் சந்துகளிலிருந்துதான் போகின்றன. அவற்றோடு எங்கள் விரல்களும் கொஞ்சம் போயிருக்கின்றன. தலை நரைத்த தச்சன் எவனையாவது கையை விரிக்கச் சொல்லுங்கள், ஏதாவது ஒன்று குறையும். தசூக்கிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் ஒன்றும் குறையவில்லை. நகத்தைக்கூட ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறான்.

எனக்குக் குறைகிறது. வலது கை ஆள்காட்டி விரல், அடியோடு.

ஆமாம், பொறாமைதான். இதை மூடி மறைக்கிற வயது எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அவன் என் பக்கத்தில்தான் உட்காருவான். இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்லும் இடத்தில் பள்ளிவாசலே ஆள்காட்டி விரலை உயர்த்தும். அவன் விரல் என் கண்ணோரத்தில் நெட்டுக்குத்தலாக எழும்பும். நான் விரல் போன கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இமாமிடம் ஒருநாள் கேட்டேன். "மனசுல நிய்யத் இருந்தா போதும், ஷிஹாத்தா" என்றார். அவருக்கென்ன, சொல்லுவார். அவர் கையில் எல்லாம் இருக்கிறது.

நானும் தசூக்கியும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். என் மனைவி இப்திசாம் மூத்தவள், அவன் மனைவி சுஹைர் இளையவள். எதிரெதிர் வீடு. இரண்டு பட்டறைக்கும் நடுவே ஒரு கழுதை வண்டி போகிற அளவுக்குத்தான் இடம். அவன் வாசலில் இருமினால் என் வீட்டில் கேட்கும். நான் பெருமூச்சு விட்டால் அவன் வீட்டில் கேட்கும், அதனால் விடுவதில்லை.

விரல் போன பிறகு நான் மெஷினை விற்றுவிட்டேன். பஞ்சையும் துணியையும் சுருட்டிக்கொண்டு பாலிஷ் போடும் வேலைக்கு வந்துவிட்டேன். அதற்கு நான்கு விரல் போதும். கொஞ்ச நாளில் தசூக்கி புது மெஷின் வாங்கினான். இத்தாலியில் வார்த்த இரும்பு மேசை, நடுவே வட்ட ரம்பம். இறக்கிய அன்றைக்கே ஆடு அறுத்தான். எங்கள் வழக்கப்படி இரத்தத்தில் கையை நனைத்து மெஷினுக்கு மேலே சுவரில் பதித்தான். கண் படாமல் இருக்க. ஐந்து விரலும் பளிச்சென்று விழுந்தன. சந்தே கைதட்டியது. நான் பதித்தால் எப்படி விழும் என்று நினைத்துப் பார்த்தேன், ஆட்டுக்கறியைத் தட்டோடு தள்ளி வைத்தேன்.

அவன் வேலை செய்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு தயாராக மாட்டான். முதலில் நீளங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். தொங்குகிற துணி எதையும் ரம்பம் இழுத்துக்கொள்ளுமாம். பிறகு மோதிரம், கைக்கடிகாரம். குளிர்காலத்தில் விரல் விறைத்தாலும் கையுறை போட மாட்டான், நூல் மாட்டினால் கையே போகும் என்பான். தரையில் ஒரு துண்டு மரம் கிடக்கக் கூடாது, பெருக்குவான். பலகையின் கனத்துக்கு மேல் ஒரு பல் உயரம்தான் ரம்பம் தெரிய வேண்டும், அதற்கு மேல் தெரிந்தால் இறக்குவான். ரம்பத்துக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புத் தகடு நிற்கும், அறுபட்ட மரம் திரும்ப மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வாமல் இருக்க. அதையும் மேல் மூடியையும் நாங்கள் எல்லோரும் முதல் நாளே கழற்றி மூலையில் போட்டோம், வேலைக்கு இடைஞ்சல் என்று. அவன் கழற்றவில்லை. ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் ஓர் ஓரமாக நிற்பான், மரம் திருப்பி அடித்தால் வயிற்றில் வாங்காமல் இருக்க. கடைசித் துண்டைக் கையால் தள்ள மாட்டான், தள்ளுகட்டை வைத்திருக்கிறான். மெஷினை நிறுத்திய பிறகும் ரம்பம் சுற்றி ஓயும் வரை தூளைக்கூடத் தட்ட மாட்டான். ரம்பத் தகட்டை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்!

"என்ன சகல, பலகை அறுக்குறியா, இல்ல பிரசவம் பார்க்குறியா?" என்று என் வாசலில் இருந்து கேட்பேன்.

அவன் சிரிப்பான். மெஷின் நின்றிருந்தால்தான் சிரிப்பான். ஓடிக்கொண்டிருந்தால் சிரிப்பு, பேச்சு, இருமல் எதுவும் கிடையாது. இங்கேதான் வம்பு வந்தது. எங்கள் ஊரில் எந்தப் பட்டறை வாசலைக் கடந்தாலும் சலாம் சொல்லாமல் போக மாட்டார்கள். சொன்ன சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கடன் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்புவதைவிட மோசம். தசூக்கி சொல்ல மாட்டான். மீன்காரன் சொன்னாலும் இமாம் சொன்னாலும் தலையைத் திருப்ப மாட்டான். அறுத்து முடித்து, மெஷினை நிறுத்தி, ரம்பம் ஓய்ந்த பிறகு சலாம் சொன்னவனைத் தேடிக்கொண்டு வெளியே ஓடுவான். ஒருமுறை மீன்காரனைச் சந்தை வரை துரத்திப் போய், தராசு பிடித்திருந்தவன் முன்னால் நின்று மூச்சு வாங்க, "வ அலைக்கும் ஸலாம்" என்றான். மீன்காரன் பயந்துபோய் ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டான்.

இதைவிடப் பெரிய கூத்து, அவன் அடுத்தவன் பட்டறைக்குப் போகும்போது நடக்கும். உள்ளே மெஷின் ஓடுகிறது என்றால் சலாம் சொல்ல மாட்டான். கண்ணில் படாமல் சுவரோரம் ஒட்டி நிற்பான். மெஷின் நின்றதும்தான் வாசலுக்கு வருவான். "வீட்டை நோட்டம் விடுறவன் மாதிரி என்னடா நிக்கிறே?" என்று பெண்கள் மாடியிலிருந்து திட்டியிருக்கிறார்கள். சந்தில் அவனுக்குப் பேர் வைத்தாயிற்று, சலாம் முழுங்கி. வைத்தவன் யார் என்று கேட்காதீர்கள். நல்ல பேர், ஒட்டிக்கொண்டது.

இப்போது என் விரலுக்கு வருகிறேன்.

கண் பட்டுத்தான் விரல் போனது என்று சந்துக்கே சொல்லியிருக்கிறேன். அதற்கு முந்தின நாள் மன்சூராவிலிருந்து வந்த வியாபாரி ஒருவன் நான் கடைந்த நாற்காலிக் காலைத் தடவிப் பார்த்து, "இப்படி ஒரு கை இந்த ஊர்லயே கிடையாது" என்றான். கண் படாமல் இருக்கச் சொல்கிற மாஷா அல்லாஹ்வைச் சொல்லவில்லை. மறுநாள் விரல் போனது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எல்லோரும் நம்பினார்கள். என் மனைவி இன்றும் அந்த மன்சூராக்காரனைச் சபிக்கிறாள்.

நடந்தது வேறு. நான் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வாசலில் தசூக்கி வந்து நின்றான். "அஸ்ஸலாமு அலைக்கும், உஸ்தா ஷிஹாத்தா!" என்று வாய் நிறையச் சொன்னான். நான் மரியாதை தெரிந்தவன். தலையைத் திருப்பினேன். "வ அலைக்" வரைக்கும் வந்தது. மிச்சம் அலறலாகத்தான் வந்தது. அவன் தன் தலைத்துணியால் என் கையைச் சுற்றி, என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஓடும்போதெல்லாம் அழுதுகொண்டே ஓடினான்.

அப்புறம் ஏன் கண்ணேறு என்று சொன்னேன்? நீங்களே யோசியுங்கள். உஸ்தா, அதாவது கைதேர்ந்த தச்சன், என்று ஊர் கூப்பிடுகிறவன் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்போல் தலையைத் திருப்பி விரலை விட்டான் என்று சொன்னால் சிரிப்பார்கள். அவன் திறமையைப் பார்த்து ஊர் பொறாமைப்பட்டது என்றால் கை கொடுப்பார்கள். தசூக்கியும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்துதான் அவன் இப்படி ஆனான். நீளங்கியைக் கழற்றுவதும், தள்ளுகட்டையும், சலாம் முழுங்குவதும், அடுத்தவன் வாசலில் சுவரோடு ஒட்டி நிற்பதும். என் விரலைக் கொடுத்து வாங்கிய புத்தி அது. அந்தப் புத்தியை வைத்துக்கொண்டு அவன் விரல்கள் சுகமாக இருக்கின்றன. இதற்கு எரியாமல் வேறு எதற்கு எரிவது?

ஒருமுறை பாகு சொட்டச் சொட்ட மிஷப்பக் இனிப்பு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்தான். "சகல, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

"கண்ணு பட்டுச்சு. விட்ரு" என்றேன்.

"இல்ல சகல, நான் வந்து..."

"கண்ணு பட்டுச்சுன்னு சொல்றேன்ல. மிஷப்பக்க வெச்சுட்டுப் போ."

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அவன் மன்னிப்புக் கேட்டால் நான் மன்னிக்க வேண்டும். மன்னித்துவிட்டால் அவனைப் பார்த்து எரிவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கும்?

இப்படியே போய்க்கொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் அவன் மகள் ரபாபுக்கு வரன் வந்தது. ஃபாரஸ்கூரில் சொந்த மருந்துக்கடை வைத்திருக்கும் பையன். என் மருமகன் மைக்ரோபஸ் ஓட்டுகிறான். மருந்துக்கடைக்கு அவன் தலைவலி மாத்திரை வாங்கத்தான் போவான். சுஹைர் வந்து செய்தி சொன்னபோது இப்திசாம் குலவை இட்டாள். நான் பாலிஷ் டப்பாவை மூடினேன், திறந்தேன், மூடினேன். ரபாப் நல்ல பெண். எனக்குப் பெரியப்பா பெரியப்பா என்று உயிரை விடுவாள். கோபம் அவள் மேல் இல்லை.

வியாழக்கிழமை பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் பையன் வீட்டார் சந்தில் விசாரிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அண்டை வீட்டில் கேட்காமல் இங்கே யாரும் பெண் எடுப்பதில்லை. குழாய் வேலை செய்கிறவன் மகளுக்கு வந்த வரன் எப்படிப் போனது? ஒரு பக்கத்து வீட்டுக்காரி "நல்லவங்கதான், ஆனா..." என்று இழுத்தாள். அவ்வளவுதான். அந்த ஆனாவுக்குப் பின்னால் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. வந்தவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"இந்தா பாருங்க" என்றாள் இப்திசாம், காபியை என் முன்னால் வைத்து. "யாராச்சும் வந்து கேட்டா நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. உங்க மூஞ்சிய வெச்சு எதையும் கெடுத்துராதீங்க."

"என் மூஞ்சிக்கு என்னடி?"

"எலுமிச்சம்பழத்தக் கடிச்ச மாதிரி இருக்கு. அவங்க வீட்டு மாடியப் பார்த்தாலே இப்படி ஆயிருது."

பையனின் பெரியப்பா ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். ஹாஜியார் ஃபரஹாத், அரிசி வியாபாரி. மரத்தூள் அவர் செருப்பில் பட்டதே இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரம். எதிரே தசூக்கி நீளமான பீச் மரப் பலகை ஒன்றை மெஷினில் ஏற்றி அப்போதுதான் அறுக்க ஆரம்பித்திருந்தான். கனமான பலகை. பாதியில் கையை எடுத்தால் மரம் துள்ளித் திருப்பி அடிக்கும். ஹாஜியார் நேராக அவன் வாசலுக்குப் போனார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

தசூக்கி திரும்பவில்லை. அவர் குரலைக் கூட்டினார். இரண்டாவது சலாமுக்கும் பதில் இல்லை. மூன்றாவது சலாம் மெஷின் சத்தத்தையும் மீறி சந்து முனைவரை கேட்டது. மூன்று சலாமுக்குப் பதில் வராவிட்டால் வந்தவர் திரும்பிவிட வேண்டும், அதுதான் முறை. ஹாஜியார் திரும்பினார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சுஹைர் கீழே பார்த்தாள். வந்திருப்பது யார் என்று புரிந்துவிட்டது. கத்தினாள், மெஷின் சத்தத்தில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஈரத்துணியை மார்போடு பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள்.

ஹாஜியார் நேராக என்னிடம் வந்தார்.

"அந்த ஆளுக்குக் காது கேக்காதா, இல்ல மரியாதை தெரியாதா?"

"காது நல்லாத்தான் கேக்கும்" என்றேன்.

"அப்படின்னா?"

மனசு தித்தித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு எங்கள் ஊர் விருந்து வாத்து வேண்டாம், மிஷப்பக் வேண்டாம். பத்து விரலும் மருந்துக்கடை மாப்பிள்ளையும் இத்தாலி மெஷினும் ஒரே சொல்லில் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது.

"நல்லவன்தான் ஹாஜியார்" என்றேன். "ஆனா..."

"ஆனா?" அவர் நிமிர்ந்தார்.

அப்போது மெஷின் சத்தம் மாறியது. பலகையில் முடிச்சு வந்துவிட்டது. ரம்பம் முனகி இறங்குகிற அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், என் விரல் போன இடத்துக்கும் தெரியும். ஹாஜியாரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். தசூக்கி ஓரமாக நின்று பலகையை அழுத்தித் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. மூன்று சலாமும் அவன் காதில் விழுந்திருக்கின்றன. துமியாத்தில் இல்லாத குரல், வியாழக்கிழமைக்கு முந்தின நாள். வந்திருப்பது யார் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? மகளின் வாழ்க்கை வாசலில் நின்று கூப்பிட்டுத் திரும்பிப் போகிறது. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. திரும்பவில்லை.

அன்றைக்கு இவன் சும்மா சொன்ன ஒரு சலாமுக்கு நான் திரும்பினேன். இவன் இதற்கும் திரும்பவில்லை. அந்த நிமிஷம் அவன் விரல்களை நான் பார்க்கவே இல்லை. அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அப்படி ஒரு கழுத்து எனக்கு இருந்திருக்கக் கூடாதா!

"என்னய்யா ஆனா? சொல்லு" என்றார் ஹாஜியார்.

"ஆனா, மெஷின் ஓடும்போது அவன் யாருக்கும் பதில் சொல்ல மாட்டான்" என்றேன். என் வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நான் பதில் சொல்றவன். பாத்துக்குங்க."

அரிசி வியாபாரிக்கு அது உள்ளே போக ஒரு கணம் பிடித்தது. பிறகு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் இல்லாத இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"லா ஹவ்ல வலா குவ்வத்த..." என்று முணுமுணுத்தார். "சலாமுக்குத் திரும்பினதுலயா போச்சு? அப்ப நான் இப்ப மூணு தடவ..." முகம் வெளுத்துவிட்டது. "நீ திரும்புற மாதிரி உனக்குச் சலாம் சொன்ன அந்த மடையன் யாருய்யா?"

சரியாக அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றது. கேள்வி சந்து முழுக்கக் கேட்டது. தசூக்கி வாசலுக்கு வந்திருந்தான், இமை எல்லாம் மரத்தூள், கையில் தள்ளுகட்டை. கேள்வி அவன் காதிலும் விழுந்துவிட்டது. அவன் வாய் திறந்ததைப் பார்த்தேன். அவனைப் பற்றி எனக்குத் தெரியும், சொல்லிவிடுவான். மருந்துக்கடை மாப்பிள்ளை போனாலும் போகட்டும் என்று "நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவான்.

"எவனோ வழிப்போக்கன் ஹாஜியார்" என்றேன், அவனை முந்திக்கொண்டு. "மூஞ்சிகூட ஞாபகம் இல்ல."

தசூக்கி திறந்த வாயை மூடினான். பிறகு ஹாஜியார் முன்னால் வந்து, "வ அலைக்கும் ஸலாம் வ ரஹ்மத்துல்லாஹ்" என்றான். மூன்று முறை சொன்னான், ஒவ்வொரு சலாமுக்கும் தனித்தனியாக. ஹாஜியார் அவனைக் கட்டிக்கொண்டார். அரிசி வெள்ளைச் சட்டையில் மரத்தூள் அப்பியது. மாடியில் சுஹைர் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஃபாத்திஹா ஓதி வரனை முடித்தார்கள். ஹாஜியார் சும்மா இருக்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையைச் சொன்னார். "மக வாழ்க்கையே வாசல்ல நின்னப்பவும் கை வேலைய விடாத மனுஷன். இவன் வீட்டுல பொண்ணு எடுக்காம வேற எங்க எடுக்குறது?" என்றார். என் விரலை ஊறுகாய்போல் கொஞ்சம் தொட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் சந்தில் மெஷின் ஓடும் பட்டறைக்கு யாரும் சலாம் சொல்வதில்லை. ஓய்கிறவரை சுவரோரம் நிற்கிறார்கள். அதற்குப் பேர் தசூக்கி சலாம். விரல் கொடுத்தவன் நான், பேர் அவனுடையது. கேட்க நாதி இல்லை.

வரன் முடித்த விருந்தன்று நான் என் பட்டறையில்தான் உட்கார்ந்திருந்தேன். வெங்காயம் திணித்த வாத்தை ஒரு தட்டில் வைத்து அவனே எடுத்து வந்தான்.

"ஏன் சகல என்னைக் காட்டிக் குடுக்கல?" என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் மனசு ஆறியிருக்கும்ல?"

"உன் மேல இருக்குற எரிச்சல் என்னோடது" என்றேன். "எத்தன வருஷமா வளர்த்து வெச்சிருக்கேன். அதுல ஃபாரஸ்கூர்க்காரனுக்கு எதுக்குப் பங்கு குடுக்கணும்?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. தட்டைப் பாலிஷ் டப்பா மேல் வைத்துவிட்டு, "சகல, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தான். நான் குறுக்கே பேசவில்லை. கடைசிவரை சொல்ல விட்டேன். சொல்லி முடிக்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆனது, வாத்து ஆறிப்போனது.